தயிர்சாதத்தின் மேல் போட்ட பழி

ஆறு வருடங்களுக்கு முன்பு, நான் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த சமயம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நானும் என் தோழியும் நேராக ஒரு ஷவர்மா கடைக்குப் போவோம். வலியசாலை அக்ரஹாரத்து மருமகள், அதுவும் வெள்ளிக்கிழமை! சாப்பிட்டுவிட்டு ஏலக்காயை மென்றுகொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த அரட்டையும் சிரிப்பும், அடடா, இனி எங்கே கிடைக்கும்!

ஒரு வெள்ளிக்கிழமை அப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரியே எங்கள் இருவருக்கும் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுத்தன. எனக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அவளுக்கோ சிறுநீரகம் பாதித்து மூன்று மாதம் ஆஸ்பத்திரி வாசம். வேலையும் போயிற்று.

நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாள். எங்களிடம் பில் இல்லை. அவள் தங்கள் கடைக்கே வரவில்லை என்று கடைக்காரர் சாதித்தார். அவளுடைய வக்கீல் என்னிடம், "கூட சாப்பிட்டது நீங்கதானே? உங்க ஆஸ்பத்திரி சீட்டைக் கொண்டு வாங்கோ, அது மதி, வேறொண்ணும் வேண்டாம்" என்றார்.

சீட்டை எடுத்துப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். அவருக்குப் பயந்து, "வீட்டுத் தயிர்சாதம்" என்று சொல்லியிருந்தேன். டாக்டரும் அதையே எழுதியிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் தோழி, "போட்டும்டி, விடு. உன் வீட்ல பிரச்னமாகும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அன்று மாலையே மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோழி தின்றதற்கு வீடு இரண்டாகும் என்று நினைத்தேன். அவரோ கண் கலங்கி, "அன்னிலேர்ந்து குழந்தைகளுக்குத் தயிர் பிசைஞ்சு போடவே கை நடுங்கித்துடி. கண்ணு தெரியாம எதையோ கெடுத்துட்டேன்னுன்னா நெனச்சுண்டிருந்தேன்! இப்ப வந்து சொல்றயே" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

கோர்ட்டில் சாட்சி சொன்னேன். டாக்டரிடமே பொய் சொன்னவள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்தெடுத்தார். ஆமாம், சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, நடந்ததை அப்படியே சொன்னேன். தீர்ப்பு தோழிக்குச் சாதகமாக வந்தது. இப்போது அவள் வேறு ஊரில் நன்றாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஆனால் போனில் மணிக்கணக்காகப் பழங்கதை பேசுவோம்.

அவளுக்கு நஷ்டஈடு வாங்கித் தர ஒரு கோர்ட் இருந்தது; செய்யாத தப்புக்கு மாதக்கணக்கில் தன்னையே நொந்துகொண்ட என் மாமியாருக்கு நான் எங்கே போய் வாங்கித் தருவேன் என்று நினைத்தால் இன்றும் மனசு கனத்துப்போகிறது.