சுணை கெட்ட கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்து வெயிலில், ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது இது. நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடையும் சீலைச் சட்டையும் தைத்தே இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. வாயும் கையும் ஒருசேர ஓடும் என்று எங்கள் ஒழுங்கையில் எனக்குப் பெயர்.

அதற்கு முந்திய கார்த்திகையில், மாரிக் காற்றில் அடித்துச் சாத்தப் போன யன்னலைப் பிடிக்கக் கையை நீட்டினேன். கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆழமாக இறங்கிவிட்டது. நரம்பு ஒன்று அறுந்துபோயிற்று, தைத்திருக்கிறோம், இனிப் பொறுமைதான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தையல்காரியின் கைக்கே தையல் போட்டாயிற்று என்று நானே பகிடி விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பகிடி ஒரு கிழமைகூட நிற்கவில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் கையில் இருந்தன, ஆனால் இருப்பதே தெரியவில்லை. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. காயம் ஆறியதும் பிடிவாதமாக மெசினில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சீருடைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டைக் கண்ட பிறகுதான், ஊசி என் சுட்டுவிரலுக்குள் இறங்கி ஏறியிருக்கிறது என்று விளங்கியது. அன்றைக்கே மெசினுக்கு உறை போட்டு மூடினேன்.

தைக்க முடியாதது ஒரு கவலை. அதைவிடப் பெரிய ஏக்கம் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாதது. முன்பெல்லாம் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தரம் உரசினால் போதும், சீத்தையா, பட்டா, கலப்படமா, கழுவினால் சுருங்குமா என்று கை சொல்லிவிடும். மட்டக்களப்புக்குக் கிளினிக் போகும்போது பஸ் காத்தான்குடிப் புடவைக் கடைகளைத் தாண்டும். வாசலில் தொங்கும் துணிகளை, பசித்தவள் அடுத்தவர் சோற்றைப் பார்ப்பது போலப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

எத்தனை ஏசினாலும் உறைக்காத ஆளைச் சுணை கெட்டவன் என்று சொல்வோம். நான் என் கைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தேன். சுணை கெட்ட கை.

காயம் பட்டு நான்கு மாதம் கழித்துத்தான் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். மட்டக்களப்பில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரோடு குளிர் நாடொன்றுக்குப் போனவள். அங்கே அறுந்த நரம்பு எப்படி மீண்டும் வளர்கிறது, ஏன் நோகிறது என்று ஆராய்கிறாளாம். நம்முடைய ஆட்களிடம் தமிழிலேயே கேட்க ஒரு கேள்வித்தாள் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கிளினிக்கில் என்னைக் கண்டு, சம்மதம் கேட்டு, முகவரி வாங்கியிருந்தாள்.

"நோ எப்பிடி அக்கா? பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள ஒரு இலக்கம் சொல்லுங்க."

"நோ ஒண்டும் இல்ல தங்கச்சி."

பூச்சியம் போட்டாள். உளைவு கேட்டாள், எரிவு கேட்டாள், குத்து, கடுப்பு எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கணக்குப் பாடத்தில்கூட நான் இத்தனை பூச்சியம் வாங்கியதில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மூன்று கிழமையாக என் உள்ளங்கையில் ஏதோ ஒன்று தொடங்கியிருந்தது. அறுவடை முடிந்து, என் கணவர் வாவிக்கு அக்கரையில் இருக்கும் வயல் வட்டையிலிருந்து மாட்டுக்கு வைக்கோல் கொண்டுவந்து போட்ட நாட்கள் அவை. நானும் அள்ளி அடுக்கினேன். அதனால் வைக்கோல் சுணைதான் என்று நினைத்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேங்காய் எண்ணெய் பூசினேன், போகவில்லை. சீலைக் கரை பட்டாலே உள்ளங்கை முழுக்கக் கூசியது. இதற்குள் ஒழுங்கையில் ஒருத்தி, உள்ளுக்குப் புண் பழுத்தால் கையையே எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டாள். பயத்தில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கடையில் குளிசை வாங்கி விழுங்கிக்கொண்டு, பழைய துணியால் கையைச் சுற்றி வைத்திருந்தேன். வாய் ஓடும் என்று பெயரெடுத்தவள் நான்.

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் தேத்தண்ணி கொண்டுவந்தார். அதை வாங்கக் கையை நீட்டினேன். சுற்றியிருந்த துணி விலகி, சீலைத் தலைப்பு உள்ளங்கையில் பட்டுவிட்டது. கோப்பை கீழே விழாதது அதிசயம்.

"அவக்கு வைக்கல் சுணை. அள்ள வேணாம் எண்டு சொன்னன், கேட்டாத்தானே," என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சுணை எண்டா, வெக்கம் இல்லாத ஆக்கள ஏசுறதுதானே அண்ணன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதில்ல தங்கச்சி. வைக்கல் தூசி பட்டா மேலெல்லாம் முள்ளுமுள்ளா ஊருமே, அது. தொடவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது."

அவள் சற்று யோசித்தாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வைக்கல ரெண்டு கையாலயும்தானே அள்ளினீங்க அக்கா? மற்றக் கையிலயும் இருக்கா?"

இடது கையை விரித்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. மூன்று கிழமையாக எனக்குத் தோன்றாத கேள்வி அது.

"மூணு கிழமையா இப்பிடித்தான்," என்று ஒப்புக்கொண்டேன். "கையக் கழட்டிப்போடுவாங்க எண்டு பயத்தில சொல்லல்ல. மறுகா எப்பிடித் தைக்கிற?"

அவள் என் கையைத் தன் மடியில் வாங்கினாள். பழைய தழும்பிலிருந்து தொடங்கி, தன் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே கீழே வந்தாள். மணிக்கட்டைத் தாண்டியது. உள்ளங்கையில் ஓரிடத்தில் தட்டியதும் 'விர்' என்று ஒன்று பாய்ந்தது. நான்கு மாதமாகச் செத்துக் கிடந்த விரல்களுக்குள் பாய்ந்தது. கையைப் பறித்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"இது புண் இல்ல அக்கா. நரம்பு வருது," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தைத்த இடத்திலிருந்து நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் நகருமாம். வளர்ந்து வரும் அதன் முனைக்கு எது பட்டாலும் தாங்காதாம். குளிசை அதைத் தடுக்காது, ஆனால் கூசுவதை மறைத்தால் அது வந்ததே ஒருவருக்கும் தெரியாது என்றாள். எல்லா நோவும் இப்படி நல்ல நோவாக இருக்காது, அந்தக் கிழமையே டொக்டரிடம் காட்டச் சொன்னாள். காட்டினேன், அவரும் அதையேதான் சொன்னார்.

"இத்தின வருசமா எலியிட நரம்பு வளருறதப் பாத்துக்கொண்டிருக்கன் அக்கா. அதுக்கு என்ன மாதிரி இருக்கு எண்டு எலியிட்டக் கேக்க ஏலாதே. இன்னொருக்காச் சொல்லுங்க, எப்பிடி இருக்கு?"

நான் சொல்லச் சொல்ல, பூச்சியங்களுக்குப் பக்கத்து வெறும் இடத்தில் எழுதினாள். முதல் சொல்லாகச் சுணை என்று எழுதினாள். எனக்கோ வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதற்காக நான்கு மாதம் ஏங்கினேனோ, அது தானாகத் தேடி வந்திருக்கிறது. நான் அதற்குத் துணியைச் சுற்றி, குளிசை கொடுத்து, வாயைப் பொத்தி வைத்திருக்கிறேன்.

போவதற்கு முன் உள்ளங்கையில் அந்த இடத்தில் பேனையால் ஒரு புள்ளி வைத்தாள். அவள் போனதும் அளவு நாடாவை எடுத்தேன். வாழ்க்கை முழுக்க அங்குலப் பக்கத்திலேயே புழங்கியவள், அன்றுதான் நாடாவைத் திருப்பிப் பிடித்தேன். புள்ளியிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை பதினொரு சென்ரிமீற்றர். நூற்றுப் பத்து நாள். ஆடி மாதம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நாட்களைப்போல நான் எதற்கும் காத்திருந்ததில்லை, கல்யாணத்துக்குக்கூட. கண்ணை மூடிக்கொண்டு விதவிதமான துணிகளைத் தொட்டுப் பழகக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பின்னேரங்களில் என் கணவர் துண்டுத்துணிப் பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக என் விரலில் வைப்பார். பட்டைச் சாக்கு என்றேன், சாக்கைப் பட்டு என்றேன். "இனி இஞ்ச ஆரும் சட்ட தைக்கக் குடுப்பாங்களா?" என்று நக்கலடிப்பார். சில நாட்களில் எனக்குக் கோபம் வந்து பையையே தூக்கி எறிந்திருக்கிறேன். அவர் பொறுக்கிக் கட்டி வைப்பார்.

ஆடியில் ஒரு பின்னேரம் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஏதோ ஒன்றை வைத்தார். மெல்லிசாக இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்து நூல் விட்டிருந்தது. அதைப் பையில் கண்ட ஞாபகம் இல்லை. ஆனால் கைக்கு அதைத் தெரிந்திருந்தது.

"இது நீங்க உடுத்துற பழைய சாரம்," என்றேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்க்கொண்டிருந்தார். மாடு அப்போதுதான் குடித்து முடித்திருந்தது. நான் அந்தச் சாரத்தை முகத்தில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

இப்போது பழைய வேகம் இல்லாவிட்டாலும் தைக்கிறேன். அந்தப் பெண் தன் புதிய கேள்வித்தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். எரிவுக்கும் குத்துக்கும் நடுவில், சுணை என்று அச்சில் இருந்தது. கணவர் அதை ஒழுங்கை முழுக்கக் காட்டித் திரிந்தார்.

சுட்டுவிரல் நுனியில் மட்டும் ஒரு நெல்லளவு இடம் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்று அவள் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் காலையில் மெசினில் உட்காருமுன் இடது கை விரலால் அந்த நுனியை ஒரு தரம் தட்டிப் பார்க்கிறேன். அது எந்த நோவைக் கொண்டு வந்தாலும் சரி, இனி ஒரு நாளும் துணி சுற்றி மறைக்க மாட்டேன், வந்தால் போதும்.