அக்காவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

எனக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், கால் மறக்காது. கல்யாண வீட்டில் யாராவது வந்து "என்னைத் தெரியுதா?" என்று கேட்டால் முதலில் குனிந்துதான் பார்ப்பேன். என் மனைவிக்கு இதில் மானம் போகிறது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ரப்பர் பூட்ஸ் செய்யும் கம்பெனியில் டிசைன் பார்க்கிறவனுக்கு வேறு எதுதான் கண்ணில் படும் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அதுக்காக மாப்பிள்ளைய வுட்டுட்டு மாப்பிள்ளை காலையா பாப்பாங்க?" என்பாள்.

தண்ணீர் புகாத பூட்ஸ் செய்வது பெரிய காரியமில்லை. ரப்பரைத் தடிமனாகப் போட்டால் போதும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மனுஷன் நடக்க வேண்டும், குனிய வேண்டும், குந்தி உட்கார வேண்டும். தடிமனாகப் போட்டால் கால் வாளிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மெலிதாகப் போட்டால் மடிகிற இடத்தில் வெடிப்பு விட்டுத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

எங்களிடம் இருந்த கால் அச்சு வெளிநாட்டு ஆர்டருக்காக வந்தது. அலுமினியத்தால் ஆன கால். அதன் மேல் துணி உறையைப் போட்டு, ரப்பர் தகடுகளை ஒட்டி, நீராவியில் வேகவைத்து உருவினால் பூட்ஸ். பிறந்ததிலிருந்து ஷூவுக்குள்ளேயே வளர்ந்த காலின் அச்சு அது. விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கூம்பிக் கிடக்கும். நம் ஊர்க் கால் அப்படியா இருக்கிறது? செருப்பில் வளர்ந்த கால் முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். அந்த அச்சை வடித்தவனின் ஊரில் நின்றுகொண்டே வேலை செய்வார்கள் போல. நம் பெண்கள் எதையும் குந்தி உட்கார்ந்துதான் செய்வார்கள். இதையெல்லாம் நான் முதலாளியிடம் சொல்லிச் சொல்லி, எனக்குச் சண்டைக்காரன் என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

அந்தச் சண்டைக்கு ஒரு காரணம் என் அக்கா. அம்மா கழனி வேலைக்குப் போய்விட, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். தவளக்குப்பம் தாண்டி, கடலூர் ரோட்டில் இருக்கும் ஓர் இறால் கம்பெனியில் வெகுகாலமாக வேலை செய்கிறாள். அங்கே தரை முழுக்க ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பூட்ஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பூட்ஸோடுதான் குந்தி உட்கார்ந்து இறாலைத் தரம் பிரிக்க வேண்டும், எழுந்து கூடையைத் தள்ள வேண்டும், மறுபடி உட்கார வேண்டும்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபிறகு ஆட்டோ ஓட்டினார். சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்குச் சவாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றி, ஒரு பிடி கல்லுப்பு போட்டு, கதவருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா வந்ததும் நேராக அதில்தான் காலை வைப்பாள்.

"இன்னா மாமா, பாத பூஜையா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"நீங்கள்லாம் ஒழுங்கா பூட்ஸ் செஞ்சா எனக்கு எதுக்கு மச்சான் இந்த வேல?" என்பார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் அவள் காலைத் தொட்டாலும், தெரிந்து தொட்டாலும் தெரியாமல் தொட்டாலும், "நல்லா இரு" என்று சொல்லிவிடுவாள். பொங்கலுக்குக் காலில் விழுந்தால் சொல்வது சரி. பஸ்ஸில் யாரோ மிதித்ததற்கும் "நல்லா இருப்பா" என்று சொன்னவள் அவள். மிதித்த ஆள், அவள் திட்டுகிறாள் என்று நினைத்து சண்டைக்கு வந்துவிட்டான்.

ஒரு நாள் மாமா ஆட்டோ ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கருமாதி அன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நான்தான் கொண்டுபோனேன். பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், தாலியை இறக்கினார்கள், காலிலிருந்து மெட்டியைக் கழற்றினார்கள். நான் வெளியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்களில் ஒருத்தி மேலும் எனக்குக் கோபம் இல்லை, ஆனாலும் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு நான் அக்காவின் காலில் விழப் போனபோது அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "போடா. நான் வாழ்த்தி இன்னா ஆவப்போவுது" என்றாள். அதற்குப்பிறகு யாருக்கும் அவள் "நல்லா இரு" சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் வேலைக்கு மட்டும் விடாமல் போனாள். கால் விரல்களில் புண் வைத்துவிட்டது. வெந்நீர் வைக்க ஆளில்லை, அவளும் வைத்துக்கொள்வதில்லை. நொண்டி நொண்டி நடப்பதைப் பார்த்த சூப்பர்வைசர், பொங்கலுக்குள் புண் ஆறாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் அவள் மகன் இதுதான் சாக்கென்று, "பொங்கலுக்கு வரேன், வேலைய வுட்டுட்டு எங்கூட கிளம்பு" என்றான். அவன் நல்ல பையன். அம்மாவைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவதுதான் பாசம் என்று நினைக்கிறவன்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். "நீ பூட்ஸ் செய்யறவன்தானடா? எனக்கு ஒரு ஜோடி செஞ்சு குடு. இல்லன்னா என்னை வீட்டுல குந்த வெச்சுடுவாங்க. நான் வேலைய வுட மாட்டேன்." நான் பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கப் போனேன். காகிதத்தை விரித்துவிட்டுக் காலைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அளவு எடுக்கறேன்க்கா. ஆசீர்வாதம் ஒண்ணும் கேக்கல."

காலைக் கொடுத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வரைந்தேன். விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

அந்த பூட்ஸுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அக்காவின் காலுக்கு ஏற்ப அச்சின் முன்பக்கத்தை அகலப்படுத்தினேன். கணுக்காலுக்கு முன்னால் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக வைத்தேன். மெலிசான ரப்பர்தான், ஆனால் மடிப்பு முன்கூட்டியே இருப்பதால் வெடிக்காது. குந்தும்போது கெண்டைக்காலில் இடிக்காமல் இருக்கப் பின்பக்க விளிம்பைத் தாழ்த்தினேன். பிறகு அதே மாதிரி என் அளவுக்கு ஒரு சாம்பிள் செய்து போட்டுக்கொண்டு, கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்திக் குந்தி எழுந்தேன். "சாருக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும்.

அக்கா போட்டுப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாள்: "குந்தி எழுந்தா செருப்பு போட்ட மாதிரியே கீதுடா. முட்டி வலிகூட இல்ல." நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் போய்ப் பார்த்தபோது மற்ற புண்ணெல்லாம் ஆறியிருந்தது, பெருவிரலுக்குப் பக்கத்து விரலில் மட்டும் ஆறவில்லை. இரண்டு காலிலும் அப்படியே. இன்னும் கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுத்தேன். அதே புண். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அளவு சரி, அச்சு சரி, ரப்பர் சரி, அந்த ஒரு விரலுக்கு மட்டும் என்ன கேடு? "வுடுடா, போவட்டும்" என்றாள் அக்கா. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

பூட்ஸை வாங்கிக்கொண்டுபோய், கம்பெனியில் என் மேஜை மேல் வைத்து உள்ளே கையை விட்டேன். அந்த விரல் இருக்கும் இடத்தில் துணி தேய்ந்து நைந்திருந்தது. உறையை அறுத்துத் திருப்பிப் பார்த்தேன். வளையம் போல ஒரு தேய்மானம், அதைச் சுற்றிக் கறுப்புக் கறை. இன்னொரு பூட்ஸிலும் அதே இடத்தில் அதே கறை.

ரப்பரில் நாங்கள் கந்தகம் கலப்போம். அது வெள்ளியைக் கறுக்கடித்துவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களின் வெள்ளி மோதிரம் சீக்கிரமே கரியாகிவிடும், நாங்கள் சிரிப்போம். அதனால் அந்தக் கறை என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் ஆய்ந்தேன்.

"அக்கா, வேலைக்குப் போறப்ப மெட்டி போட்டுக்கறியா?"

எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பூட்ஸுல கறை."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். இரண்டு மெட்டிகள். ஒன்றின் விளிம்பில் கறுப்பு இன்னும் போகவில்லை. "துண்ணூறு வெச்சுத் தேய்ச்சா வெளுத்துடும். இன்னிக்கு இன்னும் தேய்க்கல" என்றாள், பாத்திரம் கழுவாமல் போட்டுவிட்டதற்குச் சமாதானம் சொல்வது போல.

"எல்லாரும் பூட்ஸு மாட்டிக்கினு போனதுக்கு அப்பறம்தான் போட்டுக்குவேன். உள்ள கீறது யாருக்குத் தெரியப்போவுது? சாயங்காலம் கழட்டி முடிஞ்சிக்குவேன். வீட்டுல போட மாட்டேன்டா. வீட்டுலதான் அவரு இல்லன்னு தெரியுதே. அங்க அது கால்ல இருக்கறவரைக்கும், வீட்டுல வெந்நி வெச்சிக்கினு உக்காந்திருப்பாருன்னே இருக்கும். பெங்களூருக்குப் போயிட்டா எங்க போட்டுக்கறது, சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. அக்கா கீரைக் கையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். வீட்டில் வைத்து நான் அளந்தது மெட்டி இல்லாத கால். அந்த அளவை எத்தனை முறை சரிபார்த்தாலும் பூட்ஸ் சரியாக வந்திருக்காது.

மறுநாள் அச்சில் அந்த விரலுக்கு நேராக ஒரு சின்ன மேடு வைத்தேன். அச்சில் மேடு இருந்தால் பூட்ஸுக்குள் பள்ளம் விழும், மெட்டி அதில் உட்காரும். கந்தகம் வெள்ளியில் படாமல் இருக்க அந்த இடத்தில் துணியை இரட்டையாகக் கொடுத்தேன். எங்கள் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்யும் பெண்களிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "மெட்டி அழுத்தவேல்ல சார்! இத்தினி நாளா இத யாருமே கேக்கலியே" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். முதலாளி வந்து அச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த மேடு யாருக்கு என்று கேட்டார்.

"கல்யாணமான பொம்பளைங்களுக்கு சார்" என்றேன். அதில் என் அக்காவும் சேர்த்தி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்கு மகன் வந்துவிட்டான். அக்காவின் பெட்டியைக்கூட எடுத்து வெளியே வைத்திருந்தான். நான் புது பூட்ஸோடு போனேன். அக்கா என்னைப் பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, என் எதிரிலேயே மெட்டியைப் போட்டுக்கொண்டாள். மகனுக்குக் கேட்காமல் மெல்லச் சிரித்தாள். நான் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளக் காலை உள்ளே விட்டாள்.

குந்தினாள். எழுந்தாள். குழாயடியில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் நடந்தாள். மறுபடி குந்தி, விரலை உள்ளுக்குள் அசைத்துப் பார்த்தாள்.

"டேய்!" என்று வீட்டுக்குள் இருந்த மகனுக்குக் குரல் கொடுத்தாள். "அந்தப் பொட்டிய உள்ள வைடா. நான் வரல. பூட்ஸு சரியாயிடுச்சு, காலும் ஆறிடும், லீவு முடிஞ்சதும் வேலைக்குப் போறேன்."

அவன் உள்ளேயிருந்து ஏதோ சொன்னான், அவள் காதில் வாங்கவில்லை. கல்லில் வந்து உட்கார்ந்தாள். நான் குனிந்து, ரப்பருக்கு மேலாகவே மெட்டி இருக்கும் இடத்தை அழுத்திப் பார்த்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் தலையில் அவள் கை வந்து உட்கார்ந்தது.

"நல்லா இருடா" என்றாள்.

பூட்ஸில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. ஆனாலும் நான் இன்னும் கொஞ்ச நேரம் அந்த விரலை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.