மாணிக்கம் வீட்டுக் காபி

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் ராயபுரத்தில் எல்லாமே புதுசு. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, வாசலுக்குப் புதுக் காகித நட்சத்திரம், பிள்ளைகளுக்கு மடிப்புக் கலையாத சட்டை. உள்ளே இருக்கிற ஆசாமி மட்டும் போன வருஷத்து ஆசாமிதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'பாலன் பிறந்தார், நீங்களும் புதிதாய்ப் பிறக்க வேண்டும்' என்று சாமியார் வருஷா வருஷம் பிரசங்கம் செய்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். எப்படிப் பிறப்பது என்று யாராவது கேட்டோமா?

போன வாரம் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்ப்பதற்கு அப்படியொன்றும் அழகாக இல்லை.

என் பக்கத்து வீட்டு அந்தோணி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். நான் அங்கேயே சரக்கு எண்ணும் குமாஸ்தா. வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. மேலே நிற்கிறவன் காட்டும் கையைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அந்தோணிக்குக் கை காட்டியவன் மாணிக்கம். இந்து. அடுத்த தெருக்காரன். இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைக்காத குறைதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மூட்டைகள் சரிந்து விழுந்தன. நல்ல வேளை, யார் தலையிலும் இல்லை. விசாரணை நடந்தது. மாணிக்கம் தப்பாகக் கை காட்டினான் என்று அந்தோணி சொன்னான். மாணிக்கத்தை ஒரு மாதம் வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் தெருவில் ஒரே ரகளை. "இனிமே உன் வூட்ல பச்சத்தண்ணி குடிச்சேன்னா நான் மனுசனே இல்ல!" என்று கத்தியது யார் தெரியுமா? அந்தோணி! பொய் சொன்னவனுக்குத்தானே குரல் அதிகம் வேண்டியிருக்கிறது?

அதோடு அவன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. பூசையில் சாமியார் நாவில் வைக்கும் அப்பமான நன்மை வாங்கவும் போகவில்லை. ஞாயிறுதோறும் அவன் மனைவி சவரியம்மா தனியாக எழுந்துபோய் அதை வாங்கப் பீடத்துக் கிராதியில் முழந்தாளிடுவாள். அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். நன்மைக்கு எழாதவன் மனதில் ஏதோ பாவம் இருக்கிறதென்று அர்த்தம். கோயிலில் இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிறீர்களா? சாமியாரைவிடக் கருத்தாகக் கவனிக்கிற நாலு பேர் எந்தக் கோயிலிலும் உண்டு. சவரியம்மாவுக்கு அது ஆறு வருஷத்துத் தலைகுனிவு.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், என்ன தோன்றியதோ, அந்தோணி போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டான். சாமியார் ஒரே ஒரு வேலை கொடுத்தாராம் — மாணிக்கத்திடம் போய் உண்மையைச் சொல், பிறகு நன்மைக்கு வா.

சவரியம்மா அன்றைக்கே அவனுக்குச் சட்டைத் துணி எடுத்துவிட்டாள். புருஷன் பக்கத்தில் முழந்தாளிடப் போகிறாளே!

அந்தோணியோ ஒரு வாரமும் நாளைக் கடத்தினான். கிறிஸ்துமஸ் காலையில் ஆறு மணிக்குப் புதுச் சட்டையோடு என் கதவைத் தட்டினான். "நீயும் கூட வா நைனா. தனியா போனா பாதி வயில திரும்பிடுவேன்."

போனோம். மாணிக்கம் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்தான்.

"அன்னிக்கு நீ கைய சரியாத்தான் காட்னே," என்றான் அந்தோணி. "நான்தான் அவசரப்பட்டு லீவர இசுத்துட்டேன். விசாரணைல பொய் சொன்னேன். மன்னிச்சுக்க மாணிக்கம்."

"தெரியும்," என்றான் மாணிக்கம். "நீயா வந்து சொல்லுவேன்னு ஆறு வருசமா பாத்துகினு கீறேன்." அப்புறம் உள்ளே நின்ற மனைவி பக்கம் திரும்பி, "இன்னாமே நின்னுகினு கீறே? காபி கொண்டா," என்றான்.

இரண்டு டம்ளர் வந்தது.

நம் சபை வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்மை வாங்குகிறவர் முந்தின நடுராத்திரியிலிருந்து வாயில் எதுவும் போடக்கூடாது. பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. போட்டால் அன்றைக்கு நன்மை கிடையாது.

"எனக்கு வேண்டாம்மா, பூசைக்குப் போகணும்," என்றேன் நான். என் டம்ளர் மறுபேச்சில்லாமல் உள்ளே போனது. மாணிக்கம் என்னைப் பார்க்கவேயில்லை. அந்தோணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாணிக்கத்தின் மனைவியும் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொல்லிவிடலாமென்று நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணி டம்ளரை எடுத்துவிட்டான். கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

தெருமுனையில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லியிருக்கலாமே அப்பா! புரிந்துகொண்டிருப்பானே?"

"சொல்லிருக்கலாம். ஆனா உன் வூட்ல தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னதும் இந்த வாய்தான். இன்னிக்கும் வேணாம்னு சொன்னா அவனுக்கு எது காதுல விய்யும்?"

எட்டு மணிப் பூசை. நன்மை நேரம் வந்தது. சவரியம்மா எழுந்தாள். அந்தோணியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தான். அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்... பிறகு தனியாகப் போனாள். பின்வரிசையில் கிசுகிசுவென்று பேச்சு கிளம்பியது.

மனம் திரும்பினால் மனிதன் மினுமினுப்பாகிவிடுவான் என்றல்லவா நினைத்திருந்தேன்? இவனைப் புதுச் சட்டையோடு, ஊர் பார்க்க, பழைய பாவியாக உட்கார வைத்துவிட்டது. நான் நோன்பு முறிக்காத உத்தமன். கம்பீரமாக நடந்துபோய் நன்மை வாங்கிவந்தேன். அவனைத் தாண்டிப் போகும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சவரியம்மா கேட்டாள். "இன்னாயா ஆச்சு? போவலியா?"

"போனேன். காபி குடிச்சிட்டேன்."

"எங்க?"

"மாணிக்கம் வூட்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அப்படியொன்றும் அடிக்கவில்லை.

"இன்னும் சக்கர கம்மியாத்தான் போடறாளா அவ?" என்றாள்.

மறுநாள் காலைப் பூசைக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பாட்டில்லை, மேளமில்லை. கிராதியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார்கள்.

காலண்டர்காரர்கள் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கட்டும்... அந்தோணி வீட்டுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இருபத்தாறாம் தேதி!