கேப்டன் சொன்ன ‘நாம’

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கேப்டன் அக்கா. கப்பல் எதையும் அவள் ஓட்டவில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் தள்ளி, மறுபக்கம் சுருக்கமில்லாமல் இழுத்து எடுப்பது அவள் வேலை. பட்டம் வந்தது ஒரு டிவி தொடரால். விண்கப்பல், வேற்றுக்கிரகம், உலகத்தையே விழுங்கப் பார்க்கும் ஒரு இயந்திர மூளை என்று தமிழில் டப்பிங் ஆகி வரும் தொடர். போன பாகத்தின் கடைசிக் காட்சியில், கதவு மூடப்போகும் நேரத்தில், கப்பலின் பெண் கேப்டன் அந்த எதிரி மூளையின் முகத்துக்கு நேராக (மூளைக்கு முகம் ஏது என்று கேட்கக் கூடாது) ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “நாம திரும்பி வருவோம்.” திரை இருண்டது. அதோடு சரி. அடுத்த பாகம் வருகிறது, வருகிறது என்கிறார்கள், வந்தபாடில்லை.

அந்த ‘நாம’வைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் கேப்டன் அக்கா. எதிரியைப் பார்த்துப் பேசுகிறவள் ‘நாங்க’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ‘நாம’ என்றால் அந்த மூளையும் சேர்த்திதான். ஆக, கேப்டன் கட்சி மாறிவிட்டாள், அடுத்த பாகத்தில் ரெண்டு பேரும் ஒரே அணி. உருளை இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே பாதிக் கூடத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள். மீதிப் பாதி, கேப்டன் துரோகம் செய்ய மாட்டாள் என்கிற கோஷ்டி. சாப்பிடுகிற மேசைகூட ரெண்டாகப் பிரிந்தது. சம்பள உயர்வுக்குக் கூட்டம் போட்டபோது வயிற்றுவலி வந்த ஆட்களெல்லாம் இதற்கு முழு பலத்தோடு வந்து நின்றார்கள்.

ஒரு சொல்லை இந்த அளவுக்குப் பிளந்து பார்த்தவள், வீட்டில் காதில் விழுந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து தம்பி வீடுதான் அவளுக்கு வீடு. தம்பி, தம்பி மனைவி, அவள். தம்பிக்கு வேலை செய்யும் இடத்தில் குடியிருப்பு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு காலையில் பல்துலக்கியபடியே வந்து, வாய் நிறைய நுரையோடு, “அடுத்த மாசம் நா…ம்ங் புது வீட்டுக்குப் போறோம்” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்கு ஓடினான். நாமளா, நாங்களா? நுரைதான் காதில் விழுந்தது. ‘போறோம்’ என்பது ரெண்டுக்கும் பொது, அதனாலும் பிரயோஜனமில்லை. திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து, கேப்டனைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்தாள்.

துணி வண்டி ஓட்டுநர்தான் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டான். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், தொடரை அதன் சொந்த மொழியிலேயே பார்க்கிறவன். எதிர்க்கோஷ்டி அவனைக் கையோடு கூட்டி வந்து அவள் முன்னால் நிறுத்தியது.

“அக்கா, அவங்க பாஷைல நாமவும் கிடையாது, நாங்களும் கிடையாது. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. டப்பிங் எழுதினவன் வாய்க்கு வந்ததப் போட்டிருக்கான்.”

எதிர்க்கோஷ்டி கைதட்டியது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அப்போ யாரைச் சேத்துக்கிட்டாங்க, யாரைக் கழட்டி விட்டாங்கன்னு அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“சந்தேகம்னா வாயத் தொறந்து கேட்டுக்குவாங்க. வேற எப்படி?”

விரிப்பு ஒன்று உருளையில் சுருண்டு மாட்டிக்கொண்டது. கேப்டன் அக்கா அதைக் கவனிக்கக்கூட இல்லை, மேற்பார்வையாளர் வந்து கத்தினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தம்பி ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“டேய், அன்னைக்கு வாயில நுரையோட சொன்னியே. நாமளா, நாங்களா?”

தம்பி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பதில் அதன் முதுகில் அச்சடித்திருப்பது போல. வாயைத் திறந்தது மனைவிதான்.

“நாங்கதான் அக்கா. ஒரே ரூம்தான் குடுத்திருக்காங்க. உங்ககிட்ட சொல்லச் சொல்லி நான் தினமும் இவரப் புடுங்கறேன். இவருக்கு வாய் வரல. இந்த வீடு உங்களுக்குத்தான், வாடகைல பாதி நாங்க குடுக்கறோம்.”

கேப்டன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் இத்தனை நாள் நுரையோடு மல்லுக்கட்டிய களைப்பு விட்டுப்போனதும் அவளுக்குத் தெரிந்தது. இனி பேரம் பேசலாம்.

“சரி. டிவி இங்கதான் இருக்கும்.”

“அக்கா, அது நான் வாங்கினது.”

“வாங்கினவனுக்கு வாய் இருந்திருக்கணும். டிவி இங்க.”

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் தொடருக்கு அடிமைதான், ஆனால் வீட்டிலிருந்த ஒரே எதிர்க்கோஷ்டி. அடுத்த பாகம் ஆரம்பித்தால் வாராவாரம் இங்கேயே வந்து பார்ப்பதாகவும், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்றும் சொன்னாள். கேப்டன் கட்சி மாறவில்லை என்று அக்கா ஒத்துக்கொள்ள வேண்டும்.

“வாராவாரம் வா. அவ நாமன்னுதான் சொன்னா, என் காதால கேட்டேன்,” என்றாள் கேப்டன் அக்கா, தம்பி கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கியபடி.