எஞ்சின் போச்சு என்று நான் சொன்ன சிவப்புக் கார்

வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒர்க்‌ஷாப்பில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் மச்சினன் பாண்டி மதுரையிலிருந்து போன் செய்தான்.

“மச்சான், அக்காவ ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். வயித்துல கட்டியாம். ஈரலுக்கும் பரவிருச்சாம். இனிமே ஒண்ணும் செய்யிறதுக்கில்லைங்கிறாங்க. பத்து நாளோ, பதினஞ்சு நாளோ... நீங்க கெளம்பி வாங்க மச்சான்.”

அக்கா என்று அவன் சொன்னது என் மனைவி செல்வியை. முந்தின நாள் சாயங்காலம்கூட அவளோடு பேசினேன். “எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். டீக் கிளாஸை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

முருகன் அடியார்களே, நான் சவூதியில், தம்மாமில் கார் மெக்கானிக். பெயர் முத்துக்கருப்பன், சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். வந்து பதினாறு வருஷம் ஆகிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று சனாயா முழுக்க எனக்குப் பேர். ஒர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கும் இடத்தை இங்கே சனாயா என்போம். அந்தப் பேர் எடுத்த காதுக்கு, தினமும் போனில் கேட்ட சொந்த மனைவியின் குரலில் வலி இருந்தது தெரியவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உடனே முதலாளி அபு நாசரிடம் ஓடினேன். என் விசாவுக்குப் பொறுப்பான கபிலும் அவர்தான். அவர் தன் போனில் எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதி போட்டுக் கொடுத்தால்தான் நான் ஊருக்குப் போய் வர முடியும். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், “மதாம் மரீத், லாஸிம் ஹிந்த்” என்றேன். மனைவிக்கு உடம்பு முடியவில்லை, இந்தியா போகவேண்டும் என்று அர்த்தம்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “அவ்வல் மாமா மரீத். அல்ஹீன் மதாம் மரீத்?” என்று கேட்டார். முதலில் அம்மாவுக்கு முடியவில்லை, இப்போது மனைவிக்கா?

அவர் கேட்டதில் தப்பில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்காக, அம்மா சாகக் கிடக்கிறாள் என்று பொய் சொல்லி லீவு வாங்கினேன். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறோம். நான் கூடுதலாக ஒரு கூத்தும் செய்தேன். திரும்பி வந்ததும் அவருக்கு அதிரச டப்பாவைக் கொடுத்து, பெருமையாக “அம்மா செய்தது” என்று உளறிவிட்டேன். சாகக் கிடந்தவள் பத்தே நாளில் அதிரசம் சுட்டிருக்கிறாள்! அன்று ஒர்க்‌ஷாப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இந்த வைகாசியில் அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் ஏறி மிதித்தது.

அதோடு போகவில்லை. ஒர்க்‌ஷாப்பின் மூலையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. எட்டு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர். தன் மகன் கல்யாணத்தன்று ஓட்டிப் போவதற்காக அபு நாசர் ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. வந்த நாளிலிருந்தே ஸ்டார்ட் செய்தால் டொக் டொக் என்று அடி எஞ்சினில் இடித்தது. விற்றவனே எஞ்சின் சந்தேகம் என்று சொல்லித்தான் விற்றானாம். என்னைக் கூப்பிட்டார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். இரண்டு நிமிஷம்கூட இல்லை. “ராட் பேரிங் போச்சு. மக்கினா கலாஸ்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். பிஸ்டன் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து, எஞ்சினே முடிந்துபோனது என்று அர்த்தம்.

சனாயாவில் யாரும் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் பொழுதைப் போக்க மாட்டார்கள். கலாஸ் என்றால் கலாஸ். உடைத்த வண்டிகள் விற்கும் இடத்திலிருந்து வேறொரு பழைய எஞ்சினை எடுத்து வந்து மாட்டுவதுதான் வழக்கம். என் வாய்ச்சொல்லை நம்பி அவர் ரியாத்தில் எஞ்சினுக்குச் சொல்லி வைத்திருந்தார். அது இன்று வரும், நாளை வரும் என்று இழுத்தது. கல்யாணமோ நெருங்கியது. “மக்கினா வரட்டும். மாட்டு. கார் ஓடட்டும். அப்புறம் போ” என்றார்.

நான் அன்று சொன்ன பொய்யும் இப்போது சொன்ன தீர்ப்பும் சேர்ந்து என்னைக் கட்டிப் போட்டன. இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை. யாரைக் குறை சொல்ல?

புதன்கிழமை போனது. எஞ்சின் வரவில்லை. வியாழக்கிழமை சஷ்டி. மத்தியானம் ஒர்க்‌ஷாப்பை அடைத்ததும் ரூமுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. என் அலமாரிக் கதவின் உள்பக்கம் சின்ன முருகன் படம் ஒட்டியிருக்கிறேன். கோயில் இல்லாத ஊரில் எனக்கு அதுதான் கோயில். கதவைத் திறந்துவைத்து, தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

என் பயம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். என் அப்பா இறந்தபோது இதே ரூமில், இதே கட்டிலில் உட்கார்ந்துதான் போனில் பார்த்தேன். வீடியோ எடுத்தவன் கை ஆடிக்கொண்டே இருந்தது. அப்பா முகத்தைச் சரியாகக் காட்டவே இல்லை. கடைசியில் ஒரு வாய்ப் பால் ஊற்றக்கூட இந்த மகன் போகவில்லை. நெட் கட்டாகி, திரும்ப வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் அப்படிப் பார்த்திருக்கிறோம்!

அன்று முருகனிடம் இரண்டு கேட்டேன். “அப்பனே, நான் அந்த எஞ்சினுக்குச் சொன்ன மாதிரி அந்த டாக்டரும் அவசரப்பட்டுச் சொல்லியிருக்கட்டும். அவள் பிழைத்துக்கொள்ளட்டும். அது உன் சித்தத்தில் இல்லையென்றால், அவளையும் போனில் பார்க்க வைத்துவிடாதே. நான் பக்கத்தில் இருக்கவேண்டும்.”

அசரீரி எதுவும் கேட்கவில்லை. ஆனால் வேண்டி முடித்ததும், என் வாயால் வந்த வார்த்தையே என்னைப் பிடித்துக்கொண்டது. எஞ்சினுக்கு அவசரப்பட்டுச் சொன்னேன் என்று நானே அவனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்! மூன்று வாரமாக என் மனசுக்குள்ளேயே நான் ஒப்புக்கொள்ளாத விஷயம் அது. ஆயிலை இறக்கிப் பார்த்தேனா? இல்லை. பிரஷர் பார்த்தேனா? இல்லை. ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தேனா? அதுவும் இல்லை. காது சொன்னது, வாய் சொன்னது, அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

கியர் பாக்ஸ் வேலை பார்க்கும் இக்பால் பாய் பாகிஸ்தான்காரர். பக்கத்து ரூமில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். “பாய், தும்னே ஹி கலாஸ் போலா தா” என்றார். நீதானே கலாஸ் என்று சொன்னாய்? “ஆமாம் பாய். நான் சரியாகப் பார்க்கவில்லை” என்றேன். பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அடைத்த ஒர்க்‌ஷாப்புக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. முதலில் ஆயிலை இறக்கினேன். ஃபில்டரை அறுத்து, தாளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பேரிங் தேய்ந்திருந்தால் உலோகப் பொடி மினுமினுக்கும். ஒரு துளிகூட இல்லை. புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து பிரஷர் பார்த்தோம். சரியாக இருந்தது. ஒவ்வொரு சிலிண்டராகக் கரண்டைத் துண்டித்துக் கேட்டேன். ராட் பேரிங் என்றால், அந்தச் சிலிண்டர் நின்றதும் இடி குறையவேண்டும். எட்டும் பார்த்தாயிற்று. இடி அப்படியே இருந்தது.

“முருகா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் கீழ் மூடியைக் கழற்றினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இரும்புத் தட்டு இருக்கும். ஃப்ளெக்ஸ் பிளேட் என்போம். இக்பால் பாய் மேலேயிருந்து எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்ற, நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். போல்ட்டுகளைச் சுற்றி அந்தத் தட்டு முக்கால் வட்டத்துக்கு விரிசல் விட்டிருந்தது. இடித்தது அதுதான். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல எஞ்சினை நான் சாகடித்து வைத்திருந்தேன்.

அடியில் படுத்தபடியே அழுதேன். ஆயிலும் கண்ணீரும் முகமெல்லாம் ஒன்றாகிப்போனது. இக்பால் பாய் குனிந்து பார்த்து, “ஹோ ஜாயேகா பாய்” என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம்.

வெள்ளி கடை இல்லை. சனிக்கிழமை தம்மாமிலேயே தட்டு கிடைத்தது. கியர் பாக்ஸை இறக்கி, மாட்டி, ஏற்றி, ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அபு நாசர் வந்த நேரத்தில் சாவியைப் போட்டேன். கார் உறுமியது. பிறகு ஒரே சீராக ஓடியது. டொக் என்ற சத்தம் எங்கேயும் இல்லை.

அவர் ஒரு சுற்றுப் போய் வந்து இறங்கினார். “மீன் கல்லம் கலாஸ்?” என்று கேட்டார். கலாஸ் என்று சொன்னது யார்? மறைத்திருக்கலாம். மறைக்கத் தோன்றவில்லை. “நான்தான். பார்க்காமல் சொன்னேன். அம்மா விஷயமும் பொய்தான். மதாம் விஷயம் பொய் இல்லை” என்று சொல்லி பாண்டிக்கு வீடியோ கால் போட்டேன். அவன் செல்வியின் பக்கம் போனைத் திருப்பினான். மூக்கில் குழாய். கன்னம் ஒட்டி, எலும்புதான் தெரிந்தது. அபு நாசர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்து என்னமோ தட்டினார். “யல்லா, ரூஹ்” என்றார். புறப்படு, போ.

கொழும்பு வழியாக மதுரைக்கு வந்து, ஏர்போர்ட்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி கண் விழித்துப் பார்த்தாள். “வந்துட்டீகளா?” என்றாள். ஒரே வார்த்தையாக இருந்தாலும் எனக்கு அது போதும் என்று அப்போது நினைத்தேன். முருகன் ஒன்பது நாள் கொடுத்தான்.

“ஏன் செல்வி எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா நீங்க அங்க சோறு திங்க மாட்டீக” என்றாள். பிறகு, “போன்ல சொன்னீகளே, அந்தச் செவப்புக் காரு என்னாச்சு?” என்று அவளே கேட்டாள். முழுக் கதையையும் சொன்னேன். வலியோடு சிரித்தாள். “அப்ப உங்க காதுக்கு இம்புட்டுத்தான் மருவாதியா?” என்றாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கேலியை நான் கேட்டதில்லை.

நான் டாக்டரையும் விடவில்லை. “இன்னொரு தடவை பாருங்க சார், நானே தப்பாச் சொல்லியிருக்கேன்” என்று கெஞ்சினேன். அவர் எரிந்து விழவில்லை. ஸ்கேன் படங்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றையும் விடாமல் பார்த்திருந்தார். அவர் என்னைப் போல் இல்லை. அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து முருகனைத் திட்டினேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் என் மடியில் தலை வைத்திருந்தாள். என் கையால் பால் ஊற்றினேன். இரண்டாம் ஸ்பூன் இறங்கவில்லை.

காரியம் முடிந்து தம்மாமுக்குத் திரும்பிய பிறகும் பல நாள் அலமாரிக் கதவைத் திறந்து படத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பாதி வரம் கொடுத்தவனிடம் எனக்கென்ன பேச்சு என்ற கோபம். ஒரு வெள்ளிக்கிழமை, காலேஜில் படிக்கும் என் மகள் கார்த்திகாவோடு பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் அவளாகவே சொன்னாள்.

“அப்பா, அம்மா ஒரு மாசமா தூங்கவே இல்லப்பா. ஊசி போட்டாலும் முழிச்சுக்கிட்டு வாசலையே பாக்கும். நீங்க வந்த அன்னிக்குத்தாம்ப்பா தூங்குச்சு. அப்புறம் தெனமும் தூங்குச்சு.”

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். படத்தின் முகத்தைப் பார்த்தேன். நான் எனக்காகக் கேட்ட வரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளும் அங்கே கட்டிலில் கிடந்து அதையேதான் கேட்டிருக்கிறாள்.

இப்போது நான் எந்த வண்டியையும் பார்க்காமல் தீர்ப்பு சொல்வதில்லை. லீவுக்காகப் பொய் சொல்வதில்லை. ரூமில் யாராவது அம்மாவுக்கு சீரியஸ் என்று பொய் சொல்லக் கிளம்பினால் பிடித்து உட்கார வைத்து என் கதையைச் சொல்கிறேன்.

அடியார்களே, உங்களில் யாராவது இன்று என்னைப் போல் அலமாரிக் கதவின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள். செய்த தப்பையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். முழுசாகவே கேளுங்கள். அவன் எவ்வளவு கொடுப்பான் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பாதிதான் கொடுத்தான். அந்தப் பாதியில் என் செல்வி ஒன்பது நாள் தூங்கினாள்.