தலைப்பாகைக்கு மூத்தவள்

கோபால்சாமி ஜவ்வாது மலையில் மேலூருக்கும் கீழூருக்கும் சேர்த்து ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டராக இருந்தவர். பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளிய பிறகு, ஆறு வருடமாக வரப்புச் சண்டையைத் தீர்த்ததும், மனு எழுதிப் போளூர் தாலுகா ஆபீசுக்கு அலைந்ததும் மூத்த மகள் செந்தாமரைதான். தம்பி ராஜாக்கண்ணு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவான்.

அப்பாவின் கருமாதிக்கு முதல் நாள் தம்பி அவளிடம் வந்து உட்கார்ந்தான். "கவுண்டர் பேரு எங்கிட்ட இருந்துட்டுப் போவட்டும்க்கா. நீ எப்பவும் போல பாத்துக்க" என்றான்.

மறுநாள் காளியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பங்காளிகளில் மூத்தவரான கோவிந்தன் கவுண்டர் பட்டத்துக்கான தலைப்பாகையைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதை ராஜாக்கண்ணுக்குக் கட்டுவதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று வழக்கப்படி கேட்டார். யாரும் பதில் சொல்லாத கேள்வி அது.

"எனக்கு இருக்குது பெரியப்பா" என்றாள் செந்தாமரை.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அரசு வேலைத் தேர்வுக்குப் படித்த காலத்தில் மனதில் ஒட்டிக்கொண்ட ஒன்றைச் சொன்னாள். சுவீடன் என்ற நாட்டில் ராஜாவுக்கு மூத்தது பெண், இளையது ஆண். வழக்கப்படி பட்டத்து இளவரசன் என்ற பேர் கைக்குழந்தைக்குப் போனது. ஏழு மாதத்தில் சட்டத்தை மாற்றி, அந்தப் பேரை அக்காவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோவிந்தன் சிரிக்கவில்லை. "அது வெள்ளக்காரன் ஊரும்மா" என்றார்.

"அங்கயும் அதுக்கு முன்னாடி ஆம்பளைக்குத்தான் குடுத்தாங்க."

ராஜாக்கண்ணு தலை நிமிரவில்லை. கோவிந்தன் அவன் தலையில்தான் கட்டினார். கட்டி முடிந்ததும் செந்தாமரை, இனி எந்த வழக்கையும் தன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு நடந்தாள்.

சித்திரையில் இரண்டு ஊருக்கும் பொதுவான சுனை வற்றத் தொடங்கியது. மேலூர்க்காரர்கள் தக்காளித் தோட்டத்துக்கு டியூப் போட்டு இழுத்ததில் கீழூருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு காலையில் டியூப் துண்டு துண்டாக வெட்டிக் கிடந்தது. மேலூர் ஆண்கள் கொடுவாளோடு இறங்க, கீழூர்க்காரர்களும் சுனையடியில் கூடிவிட்டார்கள். விடுப்பில் வந்திருந்த ராஜாக்கண்ணு நடுவில் நின்று கத்தினான். அவன் சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை. சந்திரன் என்பவனின் முன்கை கிழிந்து ரத்தம் வந்தது.

கோவிந்தன் மூச்சிரைக்க அவள் வாசலுக்கு ஓடிவந்தார். "வந்து ஒரு வார்த்த சொல்லும்மா."

ஓடத்தான் மனம் துடித்தது. செந்தாமரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எந்தப் பேர்ல வந்து சொல்றது, பெரியப்பா?"

கீழேயிருந்து கூச்சல் ஏறி வந்தது. கோவிந்தன் திரும்பிப் பார்த்தார். "நீ இன்னா கேக்குறியோ அத ஊர்ல வெச்சு எழுதித் தர்றேன். ஆத்தா மேல சத்தியம்."

அவள் இறங்கி ஓடினாள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய், சுனைக்கல்லின் மேல் உட்கார்ந்தாள். அவளைத் தாண்டி வெட்ட யாருக்கும் கை வரவில்லை. மதியம்வரை பேசினாள். குடத்துக்குப் போக மிஞ்சியதுதான் தோட்டத்துக்கு என்றானது. சந்திரனை ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் கோவிந்தன் வாக்கைக் காப்பாற்றினார். கட்டிய தலைப்பாகையை அவிழ்ப்பது ஆகாது, அது ராஜாக்கண்ணு தலையிலேயே இருக்கட்டும் என்றார்கள். அது அவளுக்கு வலித்தது. ஆனால் இனி எல்லாத் தீர்ப்புக் காகிதத்திலும் செந்தாமரை கையெழுத்துப் போடுவாள் என்றும், அடுத்த பட்டம் ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே என்றும் எழுதினார்கள். ராஜாக்கண்ணுக்கு மூத்தது பெண், தேவயானி. ஏழாவது படிக்கிறாள்.

அப்படி எழுதியதன் கீழே முதல் கையெழுத்தை ராஜாக்கண்ணுதான் போட்டான். பேனாவை அக்காவிடம் நீட்டியபோது, தலைப்பாகை கட்டிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.