தாய்மாமன் காரும் மூன்று பேர் ஊற்றிய ஆயிலும்

எங்கள் திருநகர் தெருவில் பீமாராவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், அவருடைய காரைப் பற்றி மட்டும் பேச முடியாது. கருவூலத்தில் கிளார்க் வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டுவிட்டால் போதும், முகம் சுண்டிவிடும். எதிர் வீட்டுக்காரனான நானே இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய அந்த வெள்ளைக் காரில்தான் அவர் அலங்காநல்லூர் பக்கம் தங்கை முத்துமீனாவின் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனார். அப்பா கண்ணுச்சாமி அடுத்தவர் வயலில் நாற்று சுமந்த ஊர் அது. அந்தத் தெருவில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்பது பீமாராவின் நெடுநாள் ஆசை. கார் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு நுழைந்தது. தங்கையின் கணவர் வீரணன் சும்மா இருக்கவில்லை. "மச்சான் கொசு மருந்து அடிச்சுக்கிட்டே வாராரு" என்றார். பந்தலே சிரித்தது. மச்சான் உறவில் இந்தக் கேலியெல்லாம் சகஜம்தான். பீமாராவுக்குச் சகஜமாக இல்லை.

அன்றிலிருந்து ஆயில் தேடும் படலம். வாய் இருக்கிறவனெல்லாம் மெக்கானிக் ஆகிவிடும் ஊர் இது. கடைக்காரர் விலை கூடின மெல்லிய ஆயிலைக் காட்டினார். அலுவலகத்தில் ஒருவர், பழைய என்ஜினுக்கு லாரி ஆயில்தான் சரி என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர், ஏதோ மருந்தை ஆயிலோடு கலந்தால் புகை நின்றுவிடும் என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், மனிதர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார். புகை மட்டும் மாறவில்லை. பார்த்த எனக்கே எரிச்சலாக வந்தது.

கடைசியில் செல்லூரில் பட்டறை வைத்திருக்கும் ஹரிராமிடம் போனார். அவர் காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில் போடலாம்னு இதுலயே போட்டிருக்கு சார். அதிகம் ஓடின வண்டிக்குன்னே வர்ற ஆயில் போடுறேன். தேஞ்சது தேஞ்சதுதான், புகை கொறையும், அம்புட்டுதான். ஆனா அளவுக் குச்சியில மேல் கோட்டத் தாண்டக் கூடாது" என்றார்.

புகை குறைந்தது. காலையில் கிளப்பும்போது லேசாக ஒரு மூச்சு, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து முத்துமீனாவின் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பீமாராவ் ஒரு வாரம் காரை எடுக்கவே இல்லை. கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். இந்த முறை புகையில்லாமல் அந்தத் தெருவில் நுழைந்தாக வேண்டும், வேறு எந்த யோசனையும் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். முன்னால் கண்ணுச்சாமி ஐயா, பின்னால் பீமாராவின் மனைவி பாண்டிமீனா, சீர்த் தட்டுகள், பழத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். கிளப்பும்போதே புகை கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சிக்கந்தர்சாவடி தாண்டியதும் பின்கண்ணாடியில் ரோடே தெரியவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். கார் இழுக்க முடியாமல் திணறி ஓரத்தில் நின்றது.

பீமாராவ் இறங்கி என்ஜின் மூடியைத் திறந்து அளவுக் குச்சியை உருவினார். மேல் கோடு எங்கே என்றே தெரியாத அளவுக்கு ஆயில், நுரையோடு. ஹரிராமுக்குப் போன் போட்டார்.

"எம்புட்டு சார் ஊத்துனீங்க? உள்ள மோர் கடையிற மாதிரிக் கடைஞ்சிருக்கும். இனிமே ஸ்டார்ட் பண்ணிராதீங்க, என்ஜின் போயிரும்."

"நீங்க ஊத்துனதுதான். நான் ஒரு சொட்டு ஊத்தல" என்றார் பீமாராவ்.

பாண்டிமீனா சேலைத் தலைப்பைத் திருகினார். "கேன்ல மீதி அரை லிட்டர் கெடந்துச்சு. தூரம் போற வண்டியாச்சேன்னு நேத்து நான்தான் ஊத்துனேன்."

கண்ணுச்சாமி ஐயா தொண்டையைக் கனைத்தார். "நானும் கடையில சொல்லி ஒரு அரை லிட்டர் வாங்கி ஊத்துனேன்டா. கொறையாத் தின்னா மாடு உழுகுமா?"

பீமாராவ் அளவுக் குச்சியைத் துடைத்துச் செருகினார். ஆயில் கூடிப்போய் வண்டி நின்றுவிட்டது, வர நேரமாகும் என்று வீரணனைப் போனில் அழைத்துச் சொன்னார். ஸ்பீக்கரில் அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன மச்சான், நான் ஊத்துன ஒரு லிட்டர் பத்தலையா?"

காதுகுத்துக்கு அழைப்பு வைக்க வந்த அன்றைக்கு, புதுமனையில் கேலி பேசியது மனதை உறுத்த, ஒரு கேனை வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார்? பந்தியில் சாப்பிடுகிறவர் போதும் போதும் என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு நகரும் ஜனம், காரையும் அப்படியே கவனித்துவிட்டது.

வீரணன் டிராக்டரோடு வந்தார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பீமாராவ் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. புகை துளிகூட இல்லை. அந்தக் கொடுமையை நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை எனக்கு.

பந்தலில் இறங்கியதும் அவர் வெடித்துவிட்டார். "அம்புட்டுப் பேரும் நல்லது பண்றேன்னுதான் என் மானத்த வாங்கிட்டீங்க. ஊத்துறதுக்கு முன்னாடி ஒருத்தராச்சும் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

வீரணன் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணுச்சாமி ஐயா துண்டால் முகத்தைத் துடைத்தார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த முத்துமீனாதான் பேசினாள்.

"எப்படிண்ணே கேக்குறது? வண்டின்னு வாயெடுத்தாலே நீ எந்திரிச்சுப் போயிருவ. உனக்குப் பயந்துதான் ஆளாளுக்கு ஒளிஞ்சு ஊத்தியிருக்காக."

பீமாராவ் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.  காது குத்தும் ஆசாரி நேரமாகிறது என்று கூப்பிட்டார். பீமாராவ் போய் மனைப்பலகையில் உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டு, குழந்தைக்காகக் கையை நீட்டினார்.